தண்ணீர்மலை காணாமல் போன இருபது நிமிடம்

1. ஃபயர் டிரில்

பினாங்கில், பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் எச்.ஆர். கிளார்க்காகக் குப்பை கொட்டினேன். எத்தனையோ பேரை வேலைக்குச் சேர்த்திருக்கிறேன். ஆளைத் தொலைத்தது ஒரே ஒரு தடவைதான், அதுவும் என் கண்ணெதிரே நின்றுகொண்டிருந்த ஆளை.

அன்று ஃபயர் டிரில். ஆடிட்டர் வேறு வந்து கையில் ஸ்டாப்வாட்சோடு நிற்கிறார். எல்லாரும் கார் பார்க்கில் வரிசையாக நிற்க வேண்டும், நான் மைக்கில் பெயர் கூப்பிட வேண்டும், பத்து நிமிடத்துக்குள் கணக்கு சரியாக வர வேண்டும். எல்லாப் பெயரும் முடிந்தது. ஒரு பெயருக்கு மட்டும் பதில் இல்லை.

"தண்ணீர்மலை!" என்றேன். மூன்று தடவை கூப்பிட்டேன். தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

சேஃப்டி மேனேஜர் ராஜன் சார் ஓடி வந்தார். "என்னம்மா கமலா, ஓராளு உள்ள மாட்டிக்கிட்டான்லா! ஆடிட்டர் எழுதுறாரு பாரு!"

உடனே நாலு பேரை உள்ளே அனுப்பினார். முன்வரிசையில் நின்ற ஒரு புதுப் பையன், காரைக்குடிப் பக்கமிருந்து வந்து இரண்டு மாதமான இன்ஜினியர், பதறிப்போய் என்னிடம் வந்தான்.

"அக்கா, பாவம், யாருக்கா அது? நானும் போயித் தேடட்டுமா?"

"போங்க தம்பி, சீக்கிரம்!" என்றேன்.

அவனும் உயிரைக் கொடுத்துத் தேடினான். பாத்ரூம் கதவையெல்லாம் தட்டினான். இருபதாவது நிமிடம் வியர்த்து வழியத் திரும்பி வந்து, "அங்க யாருமே இல்லக்கா" என்று கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தான். கழுத்தில் தொங்கிய பேட்ஜ் அப்போதுதான் என் பக்கம் திரும்பியது. தண்ணீர்மலை.

2. யாரும் கூப்பிடாத பெயர்

"மைக்ல கேட்டுச்சுக்கா. ஆனா என்னையக் கூப்பிடறீகன்னு தோணவே இல்ல" என்றான், தலையைக் குனிந்துகொண்டு. "அது எங்க ஐயா பேரு."

ஐயா என்றால் அப்பாவின் அப்பா. அவருடைய பெற்றோர் பினாங்கில் கடை வைத்திருந்தவர்களாம். வெகுநாள் பிள்ளையில்லாமல், இங்கே தண்ணீர்மலை முருகனுக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை என்பதால் சாமியின் மலையையே பெயராக வைத்துவிட்டார்கள். அருவி விழும் மலை, அதனால் தண்ணீர்மலை. ஐயா பெயரைப் பேரனுக்கு வைப்பது அவர்கள் வழக்கம். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லாததும் அவர்கள் வழக்கம். ஆக, பெற்ற பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட அம்மாவுக்கு வழியில்லை.

"வீட்ல எல்லாரும் குட்டிம்பாக. பள்ளிக்கூடத்துல இனிஷியல். காலேஜ்ல ரோல் நம்பர்."

ராஜன் சார் சும்மா விடுவாரா? பையனுக்கு புரொபேஷன் முடிய ஒரு மாதம் இருந்தது. "மறுபடி டிரில் வைக்கச் சொல்லிட்டாரு ஆடிட்டர். அதுலயும் காணாமப் போனான்னா கன்ஃபர்மேஷன் கிடையாது, ஊருக்கு டிக்கெட்தான்" என்று கத்தினார். "ரிப்போர்ட்ல காரணம்னு என்னத்த எழுத? அம்மா பேரு சொல்லி வளக்கலன்னா?"

"அப்படித்தான் சார் எழுதணும்" என்றேன். எழுதவில்லை. அதற்குப் பதில் புது பேட்ஜ் அடித்தேன். மேலே கொட்டை எழுத்தில் குட்டி, கீழே எறும்பு ஊர்வதுபோல் முழுப்பெயர்.

அடுத்த மாதம் மைக்கில் "குட்டி!" என்றேன். நான் வாயை மூடுவதற்குள் "இருக்கேன்!" என்று கார் பார்க் அதிரப் பதில் வந்தது. ஆடிட்டரே சிரித்துவிட்டார். வேலை நிலைத்தது.

3. மலைமேல்

மகனுக்கு வேலை நிலைத்தால் அவன் பெயருக்குத் தண்ணீர்மலையில் அர்ச்சனை செய்வதாக அவன் அம்மா நேர்ந்திருந்தார். ஊரிலிருந்து வந்த ஆச்சியையும் (அவர்கள் பக்கம் பெண்களை ஆச்சி என்றுதான் சொல்வது) பையனையும் நான்தான் மலைக்கு அழைத்துப் போனேன். ஐந்நூறு படிக்குமேல். ஆச்சி மூச்சு வாங்காமல் ஏறினார், நான்தான் பாதியில் உட்கார்ந்தேன்.

மேலே அர்ச்சகர் தட்டை வாங்கிக்கொண்டு, "யார் பேருக்கு?" என்றார்.

ஆச்சி திருதிருவென்று விழித்தார். பிறகு கைப்பையிலிருந்து மகனின் பேட்ஜை எடுத்து நீட்டினார். முன்யோசனைக்காரர்.

அர்ச்சகர் பெரிய எழுத்தைப் படித்தார். "குட்டி. நட்சத்திரம்?"

"ஐயையோ, அது இல்லைங்க சாமி!" ஆச்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. நேர்ந்தது யார் பேருக்கு, போய்ச் சேர்வது யார் பேருக்கு? உதவலாமென்று நான் வாயைத் திறந்தேன். ஆச்சி கையைக் காட்டி நிறுத்தினார். "நேந்துக்கிட்டது நானு. நானே சொல்றேன்."

முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். மாமனாரிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் கண்ணை மூடி, ஒரு கும்பிடு போட்டார்.

"தண்ணீர்மலை!"

கல்யாணமாகி முப்பது வருடம் கழித்து, முதல் தடவை. கோயில் முழுக்கக் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அர்ச்சகர் நிமிர்ந்தார். தேங்காய் உடைத்தவர் திரும்பிப் பார்த்தார். பூக்காரம்மாகூடத் திரும்பினார்.

அவன் மட்டும் திரும்பவில்லை. சுவரோரம் நின்று கடலைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"டேய் குட்டி!" என்றார் ஆச்சி.

"என்னம்மா?" என்று ஓடி வந்தான்.

திங்கட்கிழமை முதல் வேலையாக, வேலைக்குச் சேரும் படிவத்தில் பெயருக்குக் கீழே ஒரு கட்டம் சேர்த்தேன்: வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள்? எச்.ஆருக்கு வரும் இளையவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்ல இது ஒன்றுதான் இருக்கிறது. அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். தீப்பிடித்தால் அந்தப் பெயர்தான் காதில் விழும்.