ஐந்தாவது கோடு

காசிம் பாய் போய்விட்ட செய்தி செவ்வாய்க்கிழமை காலை, நான் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது வந்தது. அவருடைய மகன் இப்ராகிம் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, உள்ளே வராமலே சொன்னான்: "அத்தா மவுத்தாயிட்டாங்க. சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். உங்களுக்கு மொதல்ல சொல்லணும்னு அம்மா சொன்னாங்க." எனக்கு ஏன் முதலில் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பாதி மழித்த முகத்தோடு நெடுநேரம் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

துறைமுகத்தில் அவரோடு வேலை செய்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? ராயபுரத்தில் பிறந்து, தோல் கிடங்கு வாசனையிலேயே வளர்ந்தவர். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் டாலி கிளார்க்குகளில் எங்களுக்கெல்லாம் மூத்தவர். மூட்டைக்கு ஒரு கோடு. நான்கு கோடு நின்றதும் ஐந்தாவதைக் குறுக்கே இழுத்துக் கட்டிவிட வேண்டும். இந்த வேலையில் இரண்டு வருஷம் இருந்தால் போதும், கை தானாகவே கட்டத் தொடங்கிவிடும். என் மாமியார் வந்து தங்கிய நாட்களைக்கூட நான் சுவரில் அப்படித்தான் குறித்து வைத்தேன். வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்களில் ஐந்து பேருக்குக் கால் சும்மா இருக்காது. பாய், ஆரோக்கியம், வீராசாமி, நான், சம்பந்தம். முதல் ரயிலில் எண்ணூரில் இறங்குவோம். காத்திவாக்கம் குப்பத்தைத் தாண்டி, கடல் ஓதம் வற்றியிருக்கும் நேரம் பார்த்து உப்பங்கழியில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் அக்கரை போவோம். அங்கே சர்க்கார் ரிசர்வ் என்று பலகை அடித்த சவுக்குக் காடு. காடு முடிந்தால் உப்பளம், நாரை நிற்கும் சதுப்பு. பிறகு ஆற்றங்கரையோடு வளைந்து, பனைகளையும் நெல் வயல்களையும் பார்த்துக்கொண்டே வந்து, படகேறி மறுபடி எண்ணூர் ஸ்டேஷன். ஏழெட்டு மைல் இருக்கும். அதிகமாகக் களைப்புத் தராத நடைதான். கழியைக் கடக்கும்போது பாய் முதலில் கரையேறி, பாக்கெட் நோட்டில் ஆளுக்கொரு கோடு போடுவார். "கப்பல்ல வர்ற மூட்டைக்கும் நாந்தான் பொறுப்பு, கால்ல வர்ற மூட்டைக்கும் நாந்தான் பொறுப்பு" என்பார்.

ஒருமுறை கழியில் குனிந்து இறால் தடவிக்கொண்டிருந்த ஒரு குப்பத்து அம்மாள், நாங்கள் திரும்பித் திரும்பிப் பேசிக்கொண்டு போவதைப் பார்த்து நிமிர்ந்தாள். "தண்ணியில எறங்கினா பின்னால பாக்காத நைனா. கூப்டறது மன்சன்தான்னு உனுக்கு இன்னா தெரியும்?" என்றாள். சிரிக்கவில்லை. மறுபடி குனிந்து தன் வேலையைப் பார்த்தாள். நாங்கள் அன்றைக்கெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கழியில் இறங்கியபோது ஒருவரும் பேசவில்லை, ஒருவரும் திரும்பவும் இல்லை. பாய் மட்டும், "அல்லா கீறாரு, எனுக்கு இன்னா பயம்" என்று எங்களைக் கிண்டல் செய்தார்.

யுத்தம் முடிந்த மறுவருஷம், தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. அன்றைக்குப் போல மூடுபனியை நான் அந்தப் பக்கம் பார்த்ததில்லை. எட்டு மணிக்கு மேலாகியும் சூரியன் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. தண்ணீர் அசையவில்லை, ஒரு பறவை கத்தவில்லை. வழக்கம்போல வரிசையாக இறங்கினோம். பாய் முதலில், நான் நான்காவது, எனக்குப் பின்னால் சம்பந்தம். பாதிக் கழியில், "ரத்தினம்!" என்று என் பெயரை யாரோ கூப்பிட்டார்கள். ஒரே ஒரு தடவை. சம்பந்தத்தின் குரல் போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. நான் திரும்பவில்லை.

கரையேறினேன். கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் எதுவும் தெரியாத அந்தப் பனியில் பாய் நோட்டோடு நின்றிருந்தார். நோட்டில் நான்கு கோடு ஆகிவிட்டது. "பின்னால சம்பந்தம் வந்துகினு கீறாரா?" என்று கேட்டார். எனக்குப் பின்னால் ஈரக் கால்கள் சளக் சளக்கென்று வருவது நன்றாகக் கேட்டது. "வர்றாரு பாய்" என்றேன். அவர் கை ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இழுத்தது. கட்டு முடிந்தது, நடந்தோம்.

சவுக்குக் காட்டில் தரையெல்லாம் உதிர்ந்த ஊசி இலை. நடக்கிற சத்தமே எழாது. முன்னால் போன மூவரின் காலடி எனக்குக் கேட்கவில்லை, என் காலடியும் கேட்கவில்லை. பின்னால் வந்த ஈரக் கால்களின் சத்தம் மட்டும் காடு முடியும் வரை கேட்டுக்கொண்டே இருந்தது. எவ்வளவு நனைந்திருந்தாலும் இத்தனை தூரத்தில் காய்ந்திருக்க வேண்டுமே என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த பிறகும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. வேகமாக நடந்தேன்.

உப்பளத்தில் பனி விலகி வெயில் வந்தது. பாய் தன் வீட்டு ரொட்டியை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார். கடைசி ரொட்டியை நீட்டியபடியே நின்றார். வாங்க ஆளில்லை. அவர் முகம் போன போக்கை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. ரொட்டி கையிலேயே இருக்க, காட்டுக்குள் ஓடினார். நாங்களும் ஓடினோம். கழிக்கு வந்தபோது ஓதம் ஏறி, நாங்கள் நடந்து வந்த இடமெல்லாம் ஒரே வெள்ளமாக இருந்தது.

சம்பந்தத்தைக் காத்திவாக்கம் மீனவர்கள் கட்டுமரத்தில் ஏற்றியிருந்தார்கள். சேற்றில் கால் புதைந்து, வலை கட்டும் கம்பைப் பிடித்துக்கொண்டு மார்பளவு தண்ணீரில் நின்றிருந்தாராம். உடம்பெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் அழுதார். "கூப்டுகினே இருந்தேனே! பனி கொஞ்சம் வெலகினப்ப கரையில நெழலு மாதிரி தெரிஞ்சீங்க. அஞ்சு பேரும் திரும்பிப் பாக்காமயே போய்ட்டீங்களே!"

"நாலு பேருப்பா" என்றார் வீராசாமி.

"அஞ்சு. நா எண்ணிப் பாத்தேன்."

அவரும் டாலி கிளார்க்தான், நான்கைப் பார்த்தால் அவர் கண்ணும் ஐந்தாகக் கட்டியிருக்கும் என்று எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பகலில் சொன்னால் மனம் ஒத்துக்கொள்கிறது.

அதன் பிறகு துறைமுகத்தில் பாய் பட்ட பாடு உங்களில் பலருக்குத் தெரியும். இல்லாத ஆளைக் கோட்டில் கட்டியவர் என்று பேர் வாங்கினார். "கை பழகிப் பூட்ச்சுப்பா, நாலு கோட்ட பாத்தா தானா குறுக்கால போவுது" என்றார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு மாதத்தில், எண்ணுகிற வேலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு துறைமுக வாசல் கேட்டில் சீட்டு வாங்கிப் பார்க்கிற வேலைக்குப் போனார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கப்பலையே எண்ணிவிடக்கூடிய மனிதர், கடைசிவரை அந்தக் கேட்டிலேயே நின்றார். சம்பந்தம் அத்தோடு எங்களோடு நடக்க வருவதை நிறுத்திவிட்டார். பாயோடு பேசுவதையும்தான் என்று நினைத்திருந்தேன். பாய் என்னைக் கேட்டுத்தான் அந்தக் கோட்டை இழுத்தார் என்று நான் சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

நாங்கள் நான்கு பேர் தொடர்ந்து நடந்தோம். பாய் இப்போது கடைசியில் வந்தார். காட்டுக்குள் சில சமயம் நின்றுவிடுவார். "எல்லாரும் நில்லுங்க" என்பார். நிற்போம். ஒரு விநாடி தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "சரி, நடங்க" என்பார். என்ன கேட்டது என்று ஆரோக்கியம் ஒருநாள் துணிந்து கேட்டார். "நம்ப நின்னப்புறமும் ஒருத்தன் ரெண்டு எட்டு வெச்சுட்டுதாம்பா நிக்கிறான்" என்றார் பாய், சாதாரணமாக. பிறகு என் தோளைத் தட்டி, "நீ நட ரத்தினம், பின்னால நா கீறேன்" என்றார்.

அடக்கத்தன்று கபர்ஸ்தானில் முஸ்லிம் அல்லாத நாங்கள் மதில் ஓரமாக நின்றிருந்தோம். அங்கே சம்பந்தம் வந்திருந்தார். தலை நரைத்திருந்தது. மண் தள்ளி முடித்துக் கூட்டம் கலைந்த பிறகு அவரிடம் போனேன். "சம்பந்தம், அன்னிக்கு நீ வர்றியான்னு பாய் என்னைத்தான் கேட்டாரு. நா திரும்பிப் பாக்காமலே வர்றாருன்னு சொன்னேன். நீ கூப்ட்டது எனக்குக் கேட்டுச்சு" என்றேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "இன்னா ரத்தினம் சொல்ற? அந்த வாரமே பாய் என் வூட்டுக்கு வந்து கையப் புடிச்சுகினு அழுதாரு. ரத்தினம் மேல மனஸ்தாபம் வெச்சுக்காத, நா அவனக் கேக்கவே இல்ல, கேட்டிருந்தா திரும்பிப் பாத்திருப்பான்னு சொன்னாரு. குரான் மேல கை வெக்கட்டான்னாரு. வேணாம் பாய்னு நாந்தான் தடுத்தேன்."

ஐந்து வேளை தொழுத மனிதர் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகும் இத்தனை வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் முகத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறார், எனக்குப் பின்னால் நடந்து வந்திருக்கிறார். நான் அதை நினைத்து அழுதேன். இதை எழுதும்போதும் அழுகிறேன். காசிம் பாயிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த ஒரு பொய்தான். அதை வைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. ஆகையால் அவரை அறிந்த எல்லோரும் அறிந்துகொள்ளட்டும்: அவர் கேட்டார். நான்தான் திரும்பிப் பார்க்கவில்லை.