சுவருக்கு அந்தப் பக்கம் படித்த மச்சான்

என் தம்பி ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். லிஃப்ட் பரிசோதகர் உரிமம். கம்பெனியில் தனி மேசை, அதில் ஒரு இழுப்பறை, அதற்குச் சாவி. எவ்வளவு உயரமான கட்டிடமானாலும் அதன் லிஃப்டைப் பார்த்து இது ஓடலாம், இது ஓடக்கூடாது என்று சொல்லும் அதிகாரம். பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறி, கிரீஸ் டப்பா தூக்கும் உதவியாளாகப் போனவனுக்கு இது சின்ன விஷயமில்லை. நான் எட்டாவதோடு நின்றவள், தையற்கடையில் பட்டன் வைப்பவள். அவன் அக்கா என்று சொல்லிக்கொள்ளும்போது கொஞ்சம் கழுத்து நிமிரத்தான் செய்கிறது.

அவனுடைய ஒரே எதிரி 'நாளைக்கு' என்ற சொல். அந்த உரிமத்துக்கான பரீட்சைப் புத்தகத்தை எடுத்தால் முதலில் மேசையைத் துடைப்பான். பென்சில் சீவுவான். கால அட்டவணை போடுவான், கோடு கோணலாக இருக்கிறதென்று கிழித்துவிட்டு வேறொன்று போடுவான். பிறகு மஞ்சள் பேனாவால் வரிகளுக்கு வண்ணம் பூசுவான். புத்தகத்துக்கே மஞ்சள் காமாலை வந்ததுபோல் இருந்தது. படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், மூடினால் ஒன்றும் நிற்காது.

முதல் தடவை பரீட்சையன்று காலையில் வயிற்றுவலி என்று படுத்துவிட்டான். அடுத்த தடவை பரீட்சைக் கூடத்தின் வாசல்வரை போய்த் திரும்பி வந்தான். "ஒரே கூட்டமா இருந்துச்சுக்கா" என்றான். பரீட்சை எழுத வருகிறவர்கள் கூட்டமாகத்தான் இருப்பார்கள். எழுதாதவரை யாரும் அவனைத் தோற்றவன் என்று சொல்ல முடியாதே. தோற்றுவிடுவோமோ என்ற பயம். மூன்றாவது தடவைதான் கடைசி. அதற்குமேல் விதிமுறையில் இடமில்லை.

அந்த நேரம் பார்த்து அவன் மச்சானும் அதே பரீட்சைக்குப் பதிவு செய்தார். மச்சான் என்றால் தம்பி மனைவியின் அண்ணன். பக்கத்து வீடு, நடுவில் ஒரே சுவர். எப்போதும் விசிலடித்துக்கொண்டே வேலை செய்வதால் கம்பெனியில் அவருக்கு 'விசில்' என்றே பெயர். அவரை அங்கே சேர்த்துவிட்டதே தம்பிதான். மாதிரித் தேர்வில் அவர் எண்பது எடுத்ததாக மனைவி சந்தோஷமாகச் சொன்ன அன்று தம்பிக்குச் சோறு இறங்கவில்லை.

"எப்பப் பார்த்தாலும் கேரம் ஆடுறான், சினிமா போறான். எப்பக்கா படிக்கிறான்? எவனோ கேள்வித்தாளைக் குடுத்துட்டான்."

"நீ உன் புத்தகத்தைப் பாருடா."

"அவன் பாஸாகி நான் ஃபெயிலானா என்ன ஆகும் தெரியுமா? அவன் கையெழுத்துப் போடுவான். நான் லிஃப்டுக்குக் கீழ இருக்கிற பள்ளத்துல இறங்கி எண்ணெய் துடைக்கணும். மேல நின்னுக்கிட்டு 'மாப்ளே, அந்த மூலையை விட்டுட்டியே'ன்னு விசிலடிப்பான்."

அன்று முதல் படிக்கிற நேரமெல்லாம் மச்சானை வேவு பார்ப்பதில் போனது. பால்கனியில் எட்டிப் பார்த்தால், அவர் வாளித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு படிக்கிறார். மறுநாள் எங்கள் வீட்டிலும் வாளி. குளிர்ச்சி மூளைக்கு ஏறுமாம். ஏறியது சளி.

"அண்ணி, உங்க தம்பி வாளியை விட்டு எந்திரிச்சா சொல்லுங்க, நான் துணி துவைக்கணும்" என்றாள் அவன் மனைவி. "எங்கண்ணனுக்குக் கால் ஆணி. டாக்டர் சொல்லித்தான் தண்ணியில வைக்குது."

அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் மச்சானின் குரல் கேட்டது. "கயிறு அறுந்துபோச்சு. லிஃப்டை எது பிடிக்கும்? மோட்டார் பிரேக்!" பக்கம் புரளும் சத்தம். "அடச்சே, தப்பு!" ஒரு சிரிப்பு.

தம்பி முகம் மலர்ந்தது. "கேட்டியாக்கா? இதுகூடத் தெரியல அவனுக்கு!"

சுவரை விட்டு அவன் நகரவில்லை. மச்சான் புத்தகத்தை மூடிவிட்டுத் தன்னையே கேள்வி கேட்பார், தப்பாகச் சொல்வார், திறந்து பார்ப்பார், மறுபடி மூடுவார். மறுநாள் அதே கேள்விக்குச் சரியான பதில் வந்தது. அதைத்தான் தம்பியால் தாங்க முடியவில்லை. நேற்றுத் தெரியாதவனுக்கு இன்றைக்கு எப்படித் தெரியலாம்? அடுத்த நாள் அதே கேள்விக்குப் பதில் சொல்ல மச்சான் வாயைத் திறக்கும் முன் இவன் கத்திவிட்டான்.

"சேஃப்டி கியர்! லிஃப்ட் ஓடுற ரெயிலைக் கவ்விப் பிடிக்கும்!"

அந்தப் பக்கம் புத்தகத்தை மூடும் சத்தம். பிறகு, "சரி மாப்ளே, அதைக் கவ்வச் சொல்றது யாரு?"

"அது... பிரேக்கு."

"கவர்னர் மாப்ளே, கவர்னர்! வேகம் மீறினா அதுதான் இழுக்கும்." தெருவுக்கே கேட்கிற சிரிப்பு.

தம்பி காது சிவந்து எழுந்தான். இவன் தப்பாகச் சொல்லி இன்னொருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. சுவரில் டக்டக்கென்று தட்டினார் மச்சான். "ஓடிட்டியா? இப்ப நீ கேளு."

அவரைக் கவிழ்க்க வேண்டும் என்பதற்காகவே புத்தகத்தின் கடைசிப் பாடத்தைத் திறந்தான். இரண்டு வருடமாக அந்தப் பக்கத்தில் மஞ்சள் மை பட்டதில்லை. மச்சான் தடுமாறினார். தம்பிக்கு அந்த வாரம் முழுவதும் நல்ல பசி. அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் சுவர்ச்சண்டைதான். மேசையைத் துடைக்க அவனுக்கு நேரமே கிடைக்கவில்லை. மேலே தூசி படிந்ததை நானே பார்த்தேன்.

பரீட்சையன்று காலையில் மறுபடியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தான். மச்சான் வாசலில் வந்து நின்றார்.

"வலியா மாப்ளே? நீ படுத்துக்கோ. நான் எழுதிட்டு வந்து என்ன கேட்டாங்கன்னு சொல்றேன்."

அவர் படியிறங்குவதற்குள் தம்பி சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினான். பட்டனை மாற்றிப் போட்டிருந்தான்.

இருவருமே தேறினார்கள். மச்சானுக்கு நாலு மார்க் அதிகம். "பெரிய எழுத்தா எழுதுவான், அதுக்குப் போட்டிருப்பாங்க" என்று தம்பி இன்றுவரை சொல்கிறான். மச்சானின் முதல் பரிசோதனை ஒரு வெள்ளிக்கிழமை என்று முடிவானது. அது தெரிந்ததும் தம்பி மேனேஜர் மேசைக்கு முன்னால் போய் நின்றவன், தன் முதல் பரிசோதனைக்கு அதற்கு முந்தின நாளை வாங்காமல் நகரவில்லை. ஒரு துணிக்கடை லிஃப்டில் ஒவ்வொரு மாடிக் கதவையும் திறந்து மூடி, பள்ளத்திலும் தானே இறங்கிப் பார்த்து, 'பரிசோதகர்' என்ற இடத்துக்கு நேராக என் தம்பி முதன்முதலில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டது 2019 மார்ச் 14, வியாழக்கிழமை.