மூணு கியர் வண்டி

மொய்தீன் பிச்சைக்கு வலது கால் சிறு வயதிலேயே சூம்பிப் போயிருந்தது. கோட்டக்குப்பத்தில் அண்ணன் வீட்டுக் கொல்லையில் வலை பின்னிக்கொண்டு, அண்ணி வைத்த நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு முப்பது வயது வரை காலத்தை ஓட்டினான். அவனுக்குப் பெண் கேட்டுப்போக வேண்டும் என்ற நினைப்பே வீட்டில் யாருக்கும் வந்ததில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் பாண்டிச்சேரியை விட்டுப் போனபோது, அவர்களில் ஒருவரிடமிருந்து சின்ன மோட்டார் பூட்டிய ஒரு சைக்கிள் அண்ணன் கைக்கு வந்தது. மோட்டார் சமமான ரோட்டில் ஓடும். மேடு வந்தால் திணறும். அப்போது பெடலை மிதித்து உதவினால்தான் ஏறும். அண்ணனுக்கு அந்த இரைச்சலே பிடிக்கவில்லை, மூலையில் போட்டுவிட்டார். பிச்சைக்கோ மிதிக்கக் காலில்லை. ஆனாலும் அந்த வண்டி மேல் அவனுக்கு ஒரு கண் இருந்தது. ஒருநாள் அதை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு திண்டிவனம் போய், சைக்கிள் கடை பாண்டுரங்கனிடம் இறக்கினான்.

பாண்டுரங்கன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். யாரோ ஒரு துரை விட்டுப்போன சீமை சைக்கிளின் பின்சக்கரம் அவனிடம் கிடந்தது. அதன் நடுவில் பருத்த உருளை மாதிரி ஒரு ஹப். உள்ளுக்குள்ளேயே மூன்று கியர்.

"பாய், இத்த மாட்டிப் பாக்கலாம். மேடு வந்தா ஒண்ணாம் கியரு போட்டுக்க, மோட்டாரு தானா இழுத்துக்கினு போவும். நீ மிதிக்கவே வேணாம்" என்றான். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்க. ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல காலி. அங்க மாட்டிக்கினா மோட்டாரு கத்தும், சக்கரம் சுத்தாது."

அன்று ஊர் திரும்பும் வழியில், ஏரிக்கரை மேட்டில் பிச்சை யார் உதவியும் இல்லாமல் ஏறினான். மேலே போய் நிறுத்திவிட்டுத் திரும்பி, ஏறி வந்த வழியைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

பாண்டிச்சேரி ரொட்டிக்குத் திண்டிவனத்து டீக்கடைகளில் கிராக்கி இருந்தது. விடிகிற நேரத்தில் அங்கே ரொட்டிக் கடை அடுப்பிலிருந்து இறக்கியதைத் தகரப் பெட்டியில் அடுக்கிப் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பினால், சூடு ஆறுவதற்குள் போய்ச் சேர்வான். ஊர் அவனை ரொட்டி பாய் என்றது. இரண்டாவது வருஷமே பெண் கொடுக்க ஆள் வந்தது. சபியா பீவி திண்டிவனத்துப் பெண். அவள் அக்கா நூர்நிஷாவும் அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கல்யாணமாகி முதல் முறை வண்டியில் ஏறிய சபியா, கிளியனூர் வரை அவன் சட்டையைப் பிடித்த பிடியை விடவேயில்லை. இறங்கியதும், "இன்னொருக்கா போலாமா?" என்றாள்.

ஹப் தேய ஆரம்பித்தது மகள் ஜைனபு பிறந்த வருஷத்தில். இரண்டாம் கியரில் திடீரென்று நழுவும், பிறகு பிடித்துக்கொள்ளும். பாண்டுரங்கன் பிரித்துப் பார்த்தான். உள்ளே பல்லைக் கவ்விப் பிடிக்கிற சின்ன கொக்கிகள் முனை மழுங்கியிருந்தன. சீமையிலிருந்து சாமான் வருவது அப்போது நின்றுபோயிருந்தது. அவன் அரத்தால் ராவி, பழுக்கக் காய்ச்சித் தோய்த்து மறுபடி பூட்டினான்.

"இது மனுசன் காலுக்குப் பண்ணது பாய். மோட்டாரு உதைக்கிற உதைய எத்தினி நாளைக்குத் தாங்கும்? பழைய சக்கரத்தையே போட்டுடட்டா?"

"அப்ப மேட்ட யாரு ஏறுறது?" என்றான் பிச்சை.

பாண்டுரங்கன் வண்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினான்.

பால் மறக்கடிக்க ஜைனபுவை நூர்நிஷாவிடம் விட்டிருந்தார்கள். பிள்ளையைத் திருப்பி அழைத்துவர சபியா அன்று வண்டியில் வந்தாள். ரொட்டிப் பெட்டியை முன்பக்கம் மாற்றிக் கட்டிவிட்டு அவள் பின்னால் உட்கார்ந்தாள். ஏரிக்கரை மேட்டில் பாதி ஏறியிருந்தார்கள். எதிரே மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிய லாரி இறங்கி வந்தது. பிச்சை ஒண்ணாம் கியருக்கு மாற்றக் கை வைத்தான். அதற்குள் ஹப் கைவிட்டுவிட்டது. மோட்டார் அலறியது, சக்கரம் நின்றது, வண்டி பின்னால் உருண்டு வலப்பக்கம் சாய்ந்தது. அவன் காலை ஊன்றினான். அது சூம்பிய கால். சபியா ரோட்டுப் பக்கமாக மல்லாந்து விழுந்தாள். லாரிக்காரன் ஒடித்துத் திருப்பியும் பின்சக்கரம் அவள்மேல் ஏறிவிட்டது.

தோள் எலும்பு முறிந்து கிடந்தவனைப் பார்க்க பாண்டுரங்கன் கோட்டக்குப்பத்துக்கே வந்தான். "நான் அத்த மாட்டி இருக்கவே கூடாது பாய்" என்றான்.

"நீ மாட்டலன்னா எனக்குக் கல்யாணமே ஆயிருக்காதுடா" என்றான் பிச்சை. இருவரும் அழுதார்கள்.

தோள் கூடியதும் அவன் மறுபடி வண்டியை எடுத்தான். ஊர் வாய்க்கு வந்தபடி பேசியது. பிள்ளை நூர்நிஷாவிடமே திண்டிவனத்தில் இருந்தது. தினமும் திண்டிவனம் போக அவனுக்கு ரொட்டியை விட்டால் வேறு சாக்கு கிடையாது. கியரை ஒண்ணிலேயே கட்டிப்போட்டு, மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினான். ஏரிக்கரை வந்தால் இறங்கி, நொண்டி நொண்டித் தள்ளிக்கொண்டு போனான்.

நூர்நிஷாவுக்குப் பிள்ளை இல்லை. ஜைனபு அவளை அம்மா என்று கூப்பிட்டபோது அவள் திருத்தவில்லை. பிச்சையும் திருத்தவில்லை. தெருமுனையில் மோட்டார் சத்தம் கேட்டால், "ரொட்டி பாய் வந்துட்டாரு!" என்று குழந்தை ஓடிவரும். அதற்கென்று தனியாக எடுத்துவைத்த இனிப்பு பன்னை நீட்டுவான். வாங்கிக்கொண்டு உள்ளே ஓடிவிடும்.

சில வருஷம் போனது. ரொட்டிக் கடைக்காரர் ரொட்டி அனுப்பச் சொந்தமாக வேன் வாங்கினார். கடைசி நடையன்று பிச்சை நூர்நிஷாவிடம் விஷயத்தைச் சொன்னான்.

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டாள்: "புள்ளகிட்ட சொல்லிடட்டுமா மச்சான்? எனக்கும் மனசு கெடந்து அடிச்சிக்கிது."

"வேணாம். நாந்தான் பெத்த அத்தா, அப்பிடின்னு சொன்னா, அப்ப பெத்த அம்மா யாருன்னு கேக்கும். அம்மா எப்பிடி செத்தான்னு கேக்கும்."

அவன் ஊர் திரும்பவில்லை. பாண்டுரங்கன் கடையில் ஒரு மணையைப் போட்டுக்கொண்டு பஞ்சர் ஒட்ட உட்கார்ந்தான். ஜைனபு பள்ளிக்கூடம் போகும் வழி அது.

ஒருநாள் அவள் தோழிகளை விட்டுவிட்டுக் கடை முன்னால் வந்து நின்றாள். "ஏன் பாய், இப்பல்லாம் ரொட்டி கொண்டாறதில்ல?"

"வண்டி கெட்டுப்போச்சும்மா."

"ரிப்பேர் கடையிலதான உக்காந்துக்கினு கீறீங்க? சரி பண்ணிக்கலாமில்ல?"

பிச்சை ட்யூப்பை எடுத்துப் பசை தடவினான். கடைக்குள் காற்றடித்துக்கொண்டிருந்த பாண்டுரங்கன் பம்பை நிறுத்திவிட்டான். தெருவில் தோழிகள் ஜைனபுவைக் கூப்பிட்டார்கள். அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓடினாள்.

அந்த நடை, ஓடும்போது தலையைச் சாய்க்கிற விதம் எல்லாம் சபியாதான். ஜைனபு தெரு திரும்பி மறைகிற வரை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். கையில் பிடித்திருந்த ட்யூப்பில் தடவிய பசை காய்ந்துவிட்டிருந்தது.