டேங்க் மூடியைக் கழற்றிய வௌவால்

மாடம்பாக்கத்தில் எங்கள் தெருவில் மிச்சமிருக்கும் ஒரே பெரிய மரம் என் வீட்டு வாதாம் மரம். போன மாதம் அதை வெட்டச் சொல்லி, நலச் சங்கச் செயலாளர் மனைவியோடு வந்து நின்றார்.

"உங்க மரத்து வௌவால் எங்க மொட்டை மாடி டேங்க் மூடியக் கழட்டிப் போட்டுருக்கு சார். தண்ணியால நோய் வந்தா யார் பொறுப்பு?"

அந்தப் பழந்தின்னி வௌவாலை எனக்குத் தெரியும். உள்ளங்கையில் அடங்கும். இருட்டத் தொடங்கியதும் வரும், ஒரு பழத்தைக் கவ்வும், தலைகீழாகத் தொங்கித் தின்னும், கொட்டையைக் கீழே போடும். அது செயலாளரின் கார்மேல் விழும், அவர் காரை என் வாசலில் நிறுத்துவதால். மூடியைத் திருகக் கை வேண்டும். வௌவாலுக்கு இருந்த கையெல்லாம் இறக்கையாகப் போய்விட்டது.

கையுள்ள ஜீவன் வேறொன்று இருக்கிறது. நடு வகிடு எடுத்து வாரிய தலையோடு திரியும் நாட்டுக் குரங்கு. பட்டப்பகலில் குடும்பத்தோடு வரும். பால் பாக்கெட்டைக் கிழிக்கும், டிஷ் வயரைப் பிடுங்கும், டேங்கில் இறங்கிக் குளிக்கும். அதற்கு இந்தத் தெரு விதித்த தண்டனை, சனிக்கிழமை தவறாமல் வடையும் வாழைப்பழமும். படைப்பவர் செயலாளரின் மனைவி. படைக்கும் இடம், அதே டேங்க் ஓரம்.

குரங்கு வேலையாக இருக்கும் என்று சொன்னேன்.

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்கண்ணா. அது தெய்வம்," என்று அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"தெய்வம் சரிம்மா. மூடியக் கழட்டுனது யாரு?"

"வௌவால்தான். மூஞ்சியப் பாத்தாலே தெரியலையா?"

தீர்ப்பு முடிந்தது. வௌவாலுக்கு நாய்க்குட்டி மூஞ்சி என்பது அண்ணாந்து பார்த்தவனுக்குத்தானே தெரியும்.

"வர்ற சனிக்கிழமை ஒண்ணும் வைக்காதீங்க. அப்பவும் மூடி கழண்டா நானே ஆள் கூப்பிட்டு மரத்த வெட்டுறேன்," என்றேன்.

செயலாளர் பதறினார். "வேண்டுதல் சார், நிறுத்த முடியாது."

"அப்ப மரத்தையும் வெட்ட முடியாது. கிளம்புங்க."

கிளம்பினார்கள். மரத்தை வெட்ட வழி தேடுவார்கள் என்று பயந்துகொண்டுதான் இருந்தேன். ஆனால் மூடிமேல் ஒரு பெரிய கருங்கல்லை ஏற்றி வைத்தார்கள். வடை வழக்கம்போல் போனது. குரங்குகள் கல்லைத் தள்ளிப் பார்த்துவிட்டு, பக்கத்து மாடிக் கொடியில் காயும் துணியை இழுக்கப் போயின. மூடி அசையவில்லை.

அடுத்த வாரம் செயலாளர் வாசலில் என்னை மடக்கினார். முகமெல்லாம் வெற்றி.

"பாத்தீங்களா சார், வௌவாலால கல்லத் தூக்க முடியல. இனிமே மரம் இருந்துட்டுப் போகட்டும்."

பதில் நாக்கு நுனி வரை வந்தது. மரத்தைப் பார்த்தேன்.

"கரெக்ட் சார்," என்றேன்.