மஞ்சள் முடிச்சில் இருந்த தபால் அட்டை

அங்காளம்மனை நம்பியிருக்கும் என் அக்கா தங்கைகளே, இத்தனை வருடம் கழித்தும் இதை எழுத உட்கார்ந்தால் என் கை பரபரக்கிறது.

2007, ஆடி மாதம். என் கணவர் திண்டிவனத்தில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் வண்டியில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டைகளுக்கு நடுவே இரண்டு கஞ்சாப் பொட்டலங்கள் இருந்தன. ஏற்றிவிட்டவன் ஓடிவிட்டான், மாட்டியது இவர். ஜாமீன் கிடைத்து, நான் பாயசத்துக்குச் சேமியா வாங்கி வந்த அன்றே போதைப்பொருள் குற்றவாளி என்று குண்டர் சட்டம் பாய்ந்தது. விசாரணையே இல்லாமல் ஒரு வருடம்வரை உள்ளே வைக்கலாம் என்றார்கள். நான் இடிந்துபோனேன்.

விழுப்புரத்து வக்கீல் சொன்னபடி, அந்தக் காவல் ஆணையை ரத்து செய்யக் கேட்டு அரசாங்கத்துக்கு ரிஜிஸ்டர் தபாலில் மனு அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சியாகத் தேதி முத்திரை குத்திய அட்டை திரும்பி வந்தது.

"பத்திரமா வெச்சிக்கோம்மா" என்றார் வக்கீல்.

எனக்குத் தெரிந்த பத்திரமான இடம் ஒன்றுதான். மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு நேர்ந்துகொண்டு, ஒரு ரூபாயோடு அட்டையையும் மஞ்சள் துணியில் முடிந்து அவள் படத்தில் கட்டினேன். வேண்டுதல் பலிக்கும்வரை அந்த முடிச்சை அவிழ்க்கக் கூடாது.

ஹைகோர்ட்டில் வக்கீல் போட்டிருந்த ஆட்கொணர்வு மனு விசாரணைக்கு வரும் முந்தின நாள் காலை, வக்கீல் போன் செய்தார்.

"நாம கவர்மெண்டுக்கு அனுப்பின மனு போன வாரந்தான் வந்துச்சுன்னு அவங்க சொல்றாங்கம்மா. ரெண்டு மாசமா பார்க்காம வெச்சிக்கினு இருந்தாங்கன்னு காட்டினா ஆர்டர் நிக்காது. அந்த அட்டைய ஜல்தி எடுத்துக்கினு வா."

அவிழ்த்தால் தெய்வக் குற்றம். அவிழ்க்காவிட்டால் அவர் உள்ளே. "தாயே, நீயே வழி சொல்" என்று படத்தின் முன் விழுந்து அழுதேன். சாமி படத்தில் எதைத் தொட்டாலும் என்னைத் திட்டுகிற மாமியார் பின்னால் வந்து நின்றார்.

"அவகிட்ட குடுத்து வெச்சத அவ திருப்பிக் குடுக்கறா. அவுத்துடு."

அவர் வாயால் பேசியது யார் என்று எனக்குத் தெரியும். அவிழ்த்தேன். அட்டை முழுக்க மஞ்சள் ஏறியிருந்தது. முத்திரைத் தேதி மட்டும் பளிச்சென்று தெரிந்தது. விழுப்புரம் பஸ்ஸில் நான் தனியாகச் சிரித்துக்கொண்டே போனதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் வக்கீல் அட்டையைக் கோர்ட்டில் காட்டினார். அரசாங்கத் தரப்பால் தாமதத்துக்குக் காரணம் காட்ட முடியவில்லை. நீதிபதிகள் ஆணையை ரத்து செய்தார்கள். அடுத்த அமாவாசைக்கு மலையனூர் உண்டியலில் அந்த ஒரு ரூபாயைப் போட்டது என் கணவர் கை. பின்னால் கஞ்சா வழக்கிலும் விடுதலையானார். இப்போதெல்லாம் பிரித்துப் பார்க்காமல் ஒரு மூட்டையும் ஏற்றுவதில்லை.

வீட்டு ஆள் உள்ளே இருக்க வெளியே தவிக்கிற பெண்களே, மனுவையும் போடுங்கள், அவளையும் நம்புங்கள். அட்டையை மட்டும் வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள். அம்மனுக்கு ஒரு ரூபாய் போதும்.