நாலாம் நம்பர் வலைப்பை

ஈரப் புல், வியர்வை, காலுக்குப் பூசும் தைலம்... மூன்றும் கலந்த ஒரு மணம். உடுப்புத் தோய்க்கும் அறைக் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கும். பதினெட்டு வருடம் அந்த மணத்துக்குள்தான் நின்றேன்.

டென்மார்க்கில், ஹேர்னிங் நகரத்திலிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலம். சின்ன ஊர், சின்ன ஃபுட்போல் கழகம். ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் நம்பர் போட்ட வலைப்பை ஒன்று இருக்கும். சொக்ஸ், உள்ளுடுப்பு எல்லாம் அதற்குள் போட்டுக் கட்டிக் கூடையில் எறிவார்கள். பையோடு மெஷினுக்குள் போகும், பையோடு வெளியே வரும். எந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்று கழகத்து டொக்டருக்குத் தெரியாது, கோச்சுக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும்.

நாலாம் நம்பர் ஒரு ஸ்பெயின்காரன். டிஃபெண்டர். பனியைக் கண்டால் திட்டுவான்... நானும் திட்டுவேன். அவனுக்கும் அரைகுறை டேனிஷ், எனக்கும் அரைகுறை டேனிஷ், அதனால் இரண்டு பேருக்கும் நன்றாகவே விளங்கியது. அம்மா என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்தேன். அப்படியே கூப்பிட்டான்.

ஒரு டிசம்பரில் அவனுடைய பைக்குள் நீளமான பாண்டேஜ் ஒன்று வந்தது. அடுத்த நாளும் வந்தது. மூன்றாம் நாள் அவனே பையைக் கையில் கொண்டு வந்தான்.

"அம்மா, முழங்கால் சரியில்லை. டொக்டருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. ஏப்ரலிலைதான் புதுக் கொன்ட்ராக்ட் எழுதுவினம்."

அங்கே காயப்போட்டால் யாராவது காண்பார்கள் என்று, அன்றிலிருந்து அந்தப் பாண்டேஜை என் கைப்பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கையால் தோய்த்தேன். மனுசன் சும்மா இருப்பாரா...

"என்னப்பா, அவன் அங்கை பந்தடிக்க அவன்ரை கட்டுத்துணி ஏன் எங்கடை ஹீற்றரிலை காயுது? கொடியேத்தமோ?"

"பேசாமல் தேத்தண்ணியைக் குடியுங்கோ."

பனிக்காலம் முழுக்க அப்படித்தான் போனது. கொன்ட்ராக்ட் கிடைத்தது. இரண்டு வருடம் விளையாடினான். பிறகு அந்த முழங்கால் அவனை ஒரேயடியாக இருத்திவிட்டது. கோச் வேலைக்குப் படித்தான். முதலில் உதவிக் கோச், கொஞ்சக் காலத்தில் தலைமைக் கோச். நொண்டி நொண்டி மைதானத்தைச் சுற்றி வருவான். பார்க்க எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த நேரத்தில்தான் மிக்கெல் வந்தான். பண்ணை வீட்டுப் பிள்ளை, இருபது வயது, அவனும் டிஃபெண்டர். ஒரு நாள் அவனுடைய பைக்குள்ளும் பாண்டேஜ். தைல மணத்தோடு...

அவன் ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்தான், அவ்வளவுதான். நான் பையைக் கட்டி மெஷினுக்குள் போட்டேன்.

ஒரு வாரம் போகவில்லை, கோச் தோய்க்கும் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான்.

"அம்மா, மிக்கெலின்ரை பைக்குள்ளை பாண்டேஜ் வருதோ? அவனைக் கேட்டால் ஒண்டுமில்லை எண்டு சிரிக்கிறான்."

"எனக்கென்ன தெரியும்?"

"உங்களுக்குத் தெரியும். என்ரையும் தெரிஞ்சுதானே இருந்தது."

"உன்ரையை ஆருக்காவது சொன்னனானோ?"

"இல்லை. அண்டைக்குச் சொல்லியிருந்தால் என்ரை கால் இப்பிடி ஆகியிருக்காது."

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. என் வீட்டு ஹீற்றரில், என் மனுசனிடம் நையாண்டி கேட்டுக் காயப்போட்ட துணி. கெஞ்சியவன் அவன். இப்போது பழி என்மேலேயா?

"அப்பிடியெண்டால் இனி என்னட்டை ஒண்டும் கேளாதை," என்றேன். மெஷினைத் தட்டிவிட்டேன். அந்தச் சத்தத்துக்குள் அவன் இன்னும் ஏதோ சொன்னான், நான் திரும்பவில்லை. பிறகு நான் வேலையை விடும்வரை அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அதிலிருந்து மூன்றாவது வாரம், ஆட்டத்தின் நடுவில், ஒருவரும் முட்டாமலே மிக்கெல் விழுந்தான். அவன் கத்தியது தோய்க்கும் அறைவரை கேட்டது.

அதற்குப் பிறகு அவன் விளையாடவே இல்லை.

ஸ்பெயின்காரன் இப்போது எங்கேயோ பெரிய கழகத்தில் கோச். ரிவியில் காட்டுவார்கள், தலை நரைத்துவிட்டது. மகள் "அம்மா, உங்கடை ஆள்" என்பாள். சனலை மாற்று என்பேன்.

இப்போது என் முழங்காலும் போய்விட்டது. வியாழக்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போகிறேன். கொம்யூன் என்கிற நகரசபை ஒழுங்கு செய்த வான் வந்து ஏற்றும். போன மாதம் புது ட்ரைவர்...

மிக்கெல். கொஞ்சம் பருத்துவிட்டான். என்னை உடனே அடையாளம் கண்டான். இறங்கி வந்து கையைப் பிடித்து ஏற்றினான், அவனும் நொண்டிக்கொண்டு. இரண்டு பேரும் அந்தப் படியில் பட்ட பாடு...

பெல்ட்டைப் போட்டுவிட்டுக்கொண்டே சொன்னான்:

"அந்தக் கழகத்திலை என்னைக் காட்டிக் குடுக்காத ஆள் நீங்கள் ஒராள்தான். நான் அதை மறக்கேல்லை. நன்றி."

நான் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உனக்காக நான் வாயை மூடவில்லையடா. அந்த ஸ்பெயின்காரன்மேல் இருந்த கோபத்தில் மூடினேன்... இதை டேனிஷில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நான்கு சொல் போதும்.

அந்தக் காலத்தில் பத்து மணித்தியாலம் நின்று வேலை செய்துவிட்டு, படுத்தவுடன் நித்திரை வரும். கோபம் இருந்தாலும் வரும். இப்போது நாள் முழுக்கக் கதிரையில் இருந்துகொண்டே இருக்கிறேன், ஆனாலும் களைப்பாக இருக்கிறது.

நாளைக்கு வியாழன். ஒன்பது மணிக்கு வான் வரும். மூன்று கிழமையாக அவன் நன்றாகக் கதைத்துக்கொண்டு வருகிறான், நான் ஓம் ஓம் என்று மட்டும் சொல்லிக்கொண்டு போகிறேன்.