குடைக்காம்பு கியர் வைத்த வேன்

தொண்ணூறுகளில் நான் பெண் பார்க்கத் திருமங்கலம் போனது ஒரு வெளிநாட்டு வாடகை வேனில். அதன் கியர் குடைக்காம்பு போல டேஷ்போர்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். காதுவரை மீசை வைத்த ஓட்டுநர், "வா தாயி" என்று கெஞ்சித்தான் அதை இழுத்துத் திருகுவார்.

போய் இறங்கியதும், பெண் வீட்டார் மொத்தப் பேரும் அந்தக் கியரைப் பார்க்க வேனுக்குள் தலையை விட்டிருந்தார்கள். மாப்பிள்ளையான என்னை யாரும் பார்க்கவில்லை. பெண்கூட ஓட்டுநரிடம்தான் பேசினாள். "அண்ணே, ரிவர்ஸ் எப்படிப் போடுவீங்க?"

"அது மட்டும் விழாதும்மா. தள்ளத்தான் மாப்ளயக் கூட்டியாந்திருக்கோம்."

பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

திரும்பும் வழியில், டீக்கடையைத் தாண்டிவிட்ட வேனை அவர் சுலபமாகப் பின்னால் எடுத்தார். நான் முறைத்தேன்.

"பொண்ணு சிரிச்சிருச்சுல்ல மாப்ள?" என்றார்.

அந்த மனிதரை வாழ்த்துவதா திட்டுவதா என்று என் மனைவியும் நானும் இன்னும் முடிவு செய்யவில்லை.